அவள் சும்மா இருக்கட்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, பெற்றோர்களே, பெற்றோரால் இழுத்து வரப்பட்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பள்ளி ஆண்டு முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தேவை அடுத்த வகுப்புக்கான பயிற்சியா, சும்மா இருக்கும் சுதந்திரமா? இதுதான் இன்றைய தலைப்பு. சும்மா இருக்கட்டும் என்று பேச வந்திருக்கிறேன். சும்மா இருப்பதற்கே இவ்வளவு மெனக்கெட்டு வாதாட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

எதிரணித் தலைவர் இரண்டு ஆயுதங்களை வீசிவிட்டு உட்கார்ந்தார். ஒன்று, 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட மறதி ஆய்வு: படித்ததை அப்படியே விட்டுவிட்டால் வேகமாக மறந்துபோகும். இன்னொன்று, 1996-இல் அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளை அலசிச் சொன்ன முடிவு: கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகிறார்கள், கணக்கும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் அடிவாங்குகின்றன.

இரண்டும் உண்மைதான். ஆனால் தலைவர் புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிட்டார்.

எபிங்ஹாஸ் சோதித்தது பள்ளிப் பிள்ளைகளை அல்ல, தன்னைத்தானே. மனப்பாடம் செய்தது பாடத்தை அல்ல, அர்த்தமே இல்லாத அசைகளை. மறந்ததை மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு அவருக்கு மிச்சமானது. அர்த்தமில்லாத உளறலுக்கே இவ்வளவு மிச்சம் என்றால், என் மகள் புரிந்து படித்த பின்னக் கணக்கு என்ன, காற்றிலா கரைந்துவிடும்? அடியில் கிடக்கும். தட்டினால் எழும்.

சரி, கூப்பருக்கு வருவோம். அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. நடுத்தர வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் திறன் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைந்திருக்கிறது. இது என் கட்சிக்கு இடிக்கிற இடம், மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு நூலகம் திறந்திருக்க வேண்டும், எடுத்துப் படிக்கக் கதைப் புத்தகம் வேண்டும். ஆனால் விடுமுறை வகுப்பில் சேர்க்கத் துடிப்பவர்கள் பெரும்பாலும் யார்? வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நாம்தானே!

கடைசி நாள் என் மகளின் பையைத் தரையில் கவிழ்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்கு நான்கு பென்சில்கள். அவற்றில் ஒன்றின் பின்முனை முழுக்கப் பல்தடம். ஊசியால் குத்திச் சல்லடையான ஒரு அழிப்பான். பெற்றோர் கையொப்பத்துக்காக வந்து, என் கண்ணிலேயே படாத ஒரு சுற்றறிக்கை. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு, முத்து முத்தாக எழுத்து. நடுவில் எழுத்து சாயத் தொடங்குகிறது. கடைசிப் பத்துப் பக்கங்களில் எழுத்து படுத்தேவிட்டது. அந்த எழுத்தைப் பார்த்த பிறகும் 'நாளை முதல் அடுத்த வகுப்புப் பாடம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடிக் களைத்தவளின் காலடி அது, நடுவர் அவர்களே. பிள்ளைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989-இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவில் எழுதிவைத்தார்கள். நம் வீட்டுக் கால அட்டவணையில்தான் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்கிறீர்களா? முதல் மூன்று நாள், "அம்மா, போர் அடிக்குது". நானும் ஆடிப்போனேன். பயிற்சி வகுப்பு விண்ணப்பத்தைக்கூட ஒருமுறை கையில் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நான்காம் நாள் சத்தத்தையே காணோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்! எட்டிப் பார்த்தேன். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களை எல்லாம் கிழித்து அடுக்கியிருந்தாள். மொத்தம் 84 தாள். தம்பிக்கும் பங்கு வேண்டுமாம். "நான் பெரியவள், எனக்கு மூன்றில் இரண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு." "அப்படின்னா எத்தனை?" "எனக்கு 56, உனக்கு 28." அவன் விடவில்லை. கடைசியில் ஆளுக்கு 42 என்று சமாதானம். பின்னம், விகிதம், வகுத்தல், அதற்கு மேல் வழக்காடும் கலை. இதை எந்த வகுப்பில் சேர்த்து, எந்த ஆசிரியரை வைத்து நான் நடத்தியிருப்பேன்?

ஊசி நூல் கேட்டாள், கொடுத்தேன். இரண்டு நோட்டு தயாரானது. தையல் கோணல்தான், ஆனால் பிரியவில்லை. இந்த மேடையில் காட்டலாம் என்று அவளுடையதைக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அட்டையை மட்டும் பார்க்க விட்டாள். கொட்டை எழுத்தில், 'அம்மா திறக்கக் கூடாது'.

எழுத்துக்கூட்டல் அடிவாங்கும் என்றாரே எதிரணித் தலைவர், ஒற்றுகூட விடவில்லை, நடுவர் அவர்களே!