பாரிஸ் வீழ்ந்தது, ஏற்காட்டில் மூட்டை தேங்கியது

(சேலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். எங்கோ நடக்கும் போர் நம் காசையும், அரிசியையும், ஏற்காட்டுக் காபியையும் எப்படித் தொடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாட்டி வீட்டுப் பெட்டியில் ஓட்டைக் காலணா ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 1943 முதல் 1947 வரை அடித்த காசு அது. நடுவில் இருக்கும் துளை அழகுக்காகப் போட்டதல்ல. செம்பு போருக்குத் தேவைப்பட்டது. காசின் வயிற்றைக் குடைந்து அதை மிச்சம் பிடித்தார்கள். எடையில் அது பழைய காலணாவில் பாதிகூட இல்லை. வெள்ளி ரூபாயின் கதையும் இதேதான். 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த காசு, 1940-ல் பாதி வெள்ளி, பாதி கலப்பு என்று ஆனது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி உருக்குகிறவர்களிடம் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நல்ல ரூபாய் பெட்டிக்குள் போகும், இளைத்த ரூபாய் கடைவீதியில் சுற்றும்.

காசு இளைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நோட்டு பெருத்தது. இந்தியாவில் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் லண்டனில் ஸ்டெர்லிங், அதாவது பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவைக் கையிருப்பாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. ஆறே ஆண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்கைத் தாண்டியது. பொருள் கப்பலேறிப் போயிற்று, தாள் ஊரில் தங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசியும் நின்றது. ரேஷன் கார்டு அந்த நாட்களில் வந்ததுதான். உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் சென்னை மாநிலத்தில் தளர்த்தியவர் ராஜாஜி, ஒரு காலத்தில் இதே சேலத்தின் நகராட்சித் தலைவர். லீ பஜார் அரிசி மண்டிகள் மூச்சு விட்டன. கட்டுப்பாட்டுச் சட்டம் மட்டும் போகவில்லை. 1939-ன் இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1946-ல் ஒரு ‘தற்காலிக’ அதிகாரச் சட்டமாயின. 1955-ல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமாகி இன்றுவரை இருக்கிறது. தற்காலிகம் என்ற சொல்லை அரசாங்கம் எழுதினால் கொஞ்சம் உஷாராகவே படிக்க வேண்டும்.

இனி ஏற்காட்டு மலைக்கு, அதன் காபிக்கு வருவோம், இன்று சொல்ல வந்தது அதைத்தான்.

1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. நம் காபிக்குப் பெரிய வாடிக்கை ஐரோப்பா. வாங்குகிறவனும் இல்லை, ஏற்றிச் செல்லக் கப்பலும் இல்லை. காபிச் செடிக்கு இதெல்லாம் தெரியாதே! கார்த்திகை, மார்கழியில் பழுத்துத்தான் தீரும். விற்கிற அத்தனை பேரும் உள்ளூர்ச் சந்தையில் இறங்கினால் விலை தரைதட்டும். அதைத் தடுக்க 1940-ல் ஓர் அவசரச் சட்டம் வந்தது, 1942-ல் காபிச் சட்டம் வந்தது. காபி போர்டும் பொதுத்தொகுப்பு முறையும் இப்படித்தான் பிறந்தன.

அது நடந்த விதம் இது. தோட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டது போக மீதி அத்தனையையும் பதப்படுத்தும் ஆலையில் போர்டின் கணக்கில் ஒப்படைக்க வேண்டும். வெளியே ஒரு மூட்டை விற்றாலும் குற்றம். தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட் 50 கிலோ போட்டால், ஓடு நீக்கியபின் ஏறத்தாழ 40 கிலோ கொட்டை தேறும். பழமாகவே காயவைத்த செர்ரி என்றால் பாதிக்குச் சற்று மேல். ரகம், தரம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அந்தப் பருவத்துக் காபி முழுவதையும் விற்ற தொகையில் செலவைக் கழித்து, மொத்தப் புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு என்ன விலை என்பது வரும். ஒப்படைத்தவுடன் முதல் தவணை கிடைக்கும். மீதி, சரக்கு விற்க விற்கத் துண்டு துண்டாக வரும்.

சந்தை செத்துக் கிடந்த காலத்தில் இது சிறு விவசாயியைக் காப்பாற்றியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் விலை எல்லாருக்கும் சராசரி. பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்தவருக்கும், கிளையோடு உருவிப் பச்சையும் பழமுமாய்ப் போட்டவருக்கும் இடையே சில புள்ளிதான் வித்தியாசம். எவன் மெனக்கெடுவான்? கடைசித் தவணை வரும்வரை கடனுக்கு வட்டி ஓடுவது தனிக் கணக்கு.

போர் 1945-ல் முடிந்தது. தொகுப்பு முடியவில்லை, ஏனென்றால் அடுத்து வந்த பனிப்போர் அதைத் தாங்கிப் பிடித்தது. 1962-ல் சர்வதேச காபி ஒப்பந்தம் நாட்டுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதிப் பங்கு வகுத்தது. அமெரிக்கா அதில் சேர்ந்தது காபி மேல் உள்ள பிரியத்தால் அல்ல. கியூபப் புரட்சிக்குப் பிறகு, காபி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்காவும் கம்யூனிசச் சிவப்பாகிவிடும் என்ற பயம். நமக்கோ ஒப்பந்தத்துக்கு வெளியே சோவியத் சந்தை, ரூபாயிலேயே வியாபாரம். 1989 ஜூலையில் பங்கீடு நின்றது, 1991-ல் சோவியத்தே இல்லை. இரண்டு தூணும் சாய்ந்தபின் போர்டு மெல்லக் கையை விட்டது. 1992-ல் 30 சதவீதத்தை உள்நாட்டில் சொந்தமாக விற்கலாம் என்றார்கள், அடுத்த ஆண்டு பாதி. 1996-க்குள் எல்லாருக்கும் முழுச் சுதந்திரம். 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை ஏறியதால், சுதந்திரம் அப்போது இனித்தது.

இனிப்பு நீடிக்காததற்குக் காரணமும் ஒரு போர்தான். 1975-ல் போர் ஓய்ந்த வியட்நாம், மத்திய மலைப்பகுதியில் ரொபஸ்டா என்ற கரகரப்பான காபி ரகத்தை நட்டது. 1977-ல் காபித் தட்டுப்பாட்டில் தவித்த கிழக்கு ஜெர்மனி, 1980-ல் ஒப்பந்தம் போட்டு அதற்குப் பணமும் இயந்திரமும் கொடுத்தது. விளைச்சல் கைக்கு வருகிற நேரத்தில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை! அந்தக் காபி உலகச் சந்தைக்கு வந்தது. 2000 வாக்கில் வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த இடத்தில் நின்றது. 2001-ல் உலகச் சராசரி விலை பவுண்டுக்கு 45 சென்ட் அளவில் கிடந்தது. 2.2-ஆல் பெருக்குங்கள்: கிலோவுக்கு ஒரு டாலர், அன்றைய மாற்றில் 50 ரூபாய்க்குள். ‘நம்முடையது நயமான அரபிகா ரகம், அது ரொபஸ்டா’ என்று சொல்லித் தப்ப முடியாது. ரொபஸ்டாவை நீராவியில் வாட்டிக் கரகரப்பைக் குறைத்து, கலவையில் கூடுதலாகச் சேர்க்கக் கம்பெனிகள் கற்றுக்கொண்டன.

விலை விழுந்தால் தோட்டத்தில் முதலில் நிற்பது தண்டு பார்க்கும் வேலை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்துபோகும். இலை மஞ்சளித்து வாடும்போதே செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிக்க வேண்டும். கூலிக்குப் பணமில்லை என்று ஒரு பருவம் விட்டால், அந்தச் செடியிலிருந்து வண்டு பறந்து பக்கத்துச் செடிக்குப் போகும். விலை திரும்பி வரும்போது காய்க்கச் செடி இருக்காது. நிழலுக்கு நின்ற மரத்தையும் பணமுடைக்கு வெட்டி விற்றிருந்தால் வெயில் நேராக விழும். துளைப்பானுக்கு வெயில் கொண்டாட்டம்.

இப்போது செங்கடல். 2023 நவம்பரிலிருந்து அங்கே கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பாவுக்குப் போகும் கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. வாடகை ஏறியது ஒரு பக்கம், ஈரம் இன்னொரு பக்கம். வெப்ப மண்டலத்தில் ஏறிய ஈரக்காற்று, தெற்கே குளிர்ந்த இரும்புக் கூரையில் பட்டுத் துளியாகி மூட்டைமேல் சொட்டும். கொட்டையில் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நிறம் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பார்ச்மென்ட்டைக் களத்தில் 10 சதவீதம் வரை காயவிடுங்கள். பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்வது போதாது, ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். கண்டெய்னருக்குள் கிராஃப்ட் என்ற தடித்த பழுப்புத் தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லி ஏற்றுமதியாளரிடம் கேளுங்கள். இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தில் ஒரு மூட்டை பூஞ்சை பிடித்தாலும், அந்த விலைக் கழிவு ஏற்காட்டு விவசாயியின் கணக்குச் சீட்டில்தான் வந்து விழும்.