ஏன் பாட்டி பூவுக்குப் பவுடர் போட்டீங்க?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியை. வீட்டில் எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் முதலாம் ஆண்டு படிக்கிறான், சின்னவனுக்கு ஐந்து வயது. இரண்டு பேருமே கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை பேசுகிறவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். உடனே சரி என்றேன். நாளெல்லாம் என் மனத்தில் ஓடுவதே இதுதான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுகிற பையனின் வாயை அடைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம்முடைய தோட்டப்புற ஊர்களில் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்தான் அவர்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் காலையில் மைலோ கலக்கும்போதே ஆரம்பித்துவிடும். "தூளு ஏன்மா மேலயே மிதக்குது?" என்பான் சின்னவன். பள்ளிக்குப் போகும் வழியில் ரயில் பாதை கண்ணில் படும். ஈப்போவிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில் எங்கள் ஊரில் நிற்கும். "அந்தக் கம்பியில குருவி உட்கார்ந்தா செத்துடுமா?" என்றான் பெரியவன். எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் வயர்மேன் வேலை பார்ப்பவர் இருக்கிறார். அவரிடம் அனுப்பினேன். "அந்தக் கம்பியில 25,000 வோல்ட் போகுதுடா. குருவி அந்த ஒரே கம்பியைத்தான் தொடுது. கரண்டு அது உடம்பு வழியா இறங்கித் தரைக்குப் போக வழி இல்ல, அதனால பிழைச்சுக்குது. நீ கீழ நின்னு கம்பால தொட்டா வழி கிடைச்சிடும்" என்று அவர் தரையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் அவனுக்கு வெறும் எதிர்வீட்டு மாமா இல்லை.

நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில்கள் உங்களுக்கும் தெரியும். "உனக்கு வாய் வலிக்கவே வலிக்காதா?" "ரொம்பப் பேசினா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்." எதுவும் எடுபடாவிட்டால் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம், வீடு அமைதியாகிவிடும். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வரும் அம்மாவும், இரவு ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவும் அப்படிச் செய்வது எனக்குப் புரிகிறது. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஏன், எப்படி என்று கேட்கும்போது பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், அதற்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். விளக்கம் கிடைத்த பிள்ளை ஒப்புக்கொள்கிறது, அல்லது அடுத்த கேள்விக்குப் போகிறது. விளக்கம் கிடைக்காத பிள்ளைதான் கேட்டதையே திரும்பக் கேட்கிறது. ஆகவே, ஒரே கேள்வியைப் பையன் மூன்று தடவை கேட்டால் அது பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பதில் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

2018-ல் இன்னோர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் படம் எடுத்தார்கள். பிள்ளையின் காதில் எத்தனை சொல் விழுகிறது என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு நெருக்கமாகத் தொடர்புபட்டிருந்தது. இதைப் படித்ததிலிருந்து என் வகுப்பிலேயே நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகள் பேசக் காத்திருக்கிறேன். வீட்டில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடினால் சொற்கள் காதில் விழும். ஆனால் தொலைக்காட்சி பையனைத் திருப்பிக் கேள்வி கேட்காது.

சரி, இனி பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதைக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் பாட்டி குளித்துவிட்டு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவன் பார்த்துச் சிரித்தான். "சிரிக்கிறியா? அந்தக் காலத்துல நாங்க பூவுக்கே பவுடர் போட்டவங்கடா" என்றார் பாட்டி. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். "ஏன் பாட்டி பூவுக்குப் பவுடர் போட்டீங்க?"

பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில், எழுபதுகளின் கடைசியில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு சமயத்தில் பூக்கும். மகரந்தம் போய்ச் சேராவிட்டால் குலை சரியாகக் காய்க்காது. அதனால் ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்து முகப்பவுடர் மாதிரியான தூளில் கலந்து, பெண் பூ விரிந்திருக்கும் மரமாகத் தேடிப் போய் ஊதிவிட வேண்டும். அந்த வேலைக்குப் பெண்களைத்தான் நிறைய போட்டார்களாம். முள் குத்திய கையோடு வீட்டுக்கு வந்து சமைத்ததைப் பாட்டி சொன்னபோது, என் பையன் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்புறம் ஏன் பாட்டி விட்டுட்டீங்க?" "நாங்க எங்கடா விட்டோம்? ஒரு வருஷம் அந்த வேலையே இல்லன்னுட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல."

அன்று ராத்திரி அதைத் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்காவில், செம்பனையின் தாயகத்தில், இந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டு. அரிசி அளவுகூட இருக்காது. சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அதைக் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து கண்டுபிடித்தார். 1981-ல் அதை இங்கே கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். செம்பனைப் பூவில் சோம்பு வாசனை வரும். வண்டு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆண் பூவுக்குப் போகும், அங்கேயே முட்டையிடும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு பெண் பூவுக்கும் போகும். வண்டு பெருகியதும் ஊதுகிற ஆட்கள் தேவைப்படவில்லை. மறுநாள் பையனை விட்டே பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆமாண்டா, சோம்பு வாசம் வரும். அது எனக்குத் தெரியும்" என்றார். தன் வேலை ஏன் போனது என்ற விவரம் நாற்பது வருடம் கழித்து, ஏழு வயதுப் பையன் கேட்ட கேள்வியால் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கேள்வியை நாங்கள் பெரியவர்கள் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

என் மாமனார் ரப்பர் சீவியவர். காண்டாக் கம்பில் பால் வாளி தூக்கித் தழும்பேறிய தோள். அவரிடம் பையன்கள் கேட்டதை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பும். "தாத்தா, ஏன் இருட்டுலயே போவீங்க?" குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை நீரை இழக்கும், அழுத்தம் குறையும், ஓட்டமும் குறைந்துவிடும். "ஏன் தாத்தா எல்லா மரத்துலயும் கோடு ஒரே பக்கமாச் சரியுது?" இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். "கத்தி ஆழமா இறங்கினா மரத்துக்குக் காயம். மண்டோர் பார்த்தா திட்டுவார். பட்டையை இலை மாதிரி மெல்லிசாச் சீவணும்" என்று வெறும் கையைக் காற்றில் இழுத்துக் காட்டினார். அந்தக் கை அசைவைப் புத்தகத்தில் படிக்க முடியாது. சின்னவன் ஸ்கேலை வைத்துக்கொண்டு கதவு நிலையில் சீவிப் பழகினான். ரப்பர் கொட்டையையும் தாத்தா காட்டிக்கொடுத்தார். வெயிலில் காய் வெடித்துக் கொட்டை தெறிப்பதும், அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தம்பியின் தொடையில் வைப்பதும் இப்போது எங்கள் வீட்டில் தினசரிச் சண்டை. கொட்டையை வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள், பச்சையாக அது நஞ்சு.

ஆந்தை விஷயத்தில் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி பழத்தைத் தின்னும், கூகை என்ற ஆந்தை எலியைத் தின்னும், அதனால் கூகை குடியிருக்க வைத்த வீடு அது. என் மாமியாருக்கு ஆந்தை என்றாலே அபசகுனம். பையன்களோ பெட்டிக்குக் கீழே கிடந்த கறுப்பு உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூகை எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருட்டிக் கக்கிவிடும். உருண்டையைப் பிரித்தால் குட்டித் தாடை எலும்பு, பல்லோடு இருக்கும். அத்தையின் நம்பிக்கையை நான் மறுத்துப் பேசவில்லை. பையன்கள் பேசினார்கள். "பாட்டி, அது எலியைத்தான் பிடிக்குது, நம்மளை இல்ல." இப்போதும் ஆந்தை அலறினால் அத்தை விபூதி பூசிக்கொள்கிறார். ஆனால் விரட்டுவதில்லை. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள் என்பது மட்டும் என் கட்டளை.

எல்லாக் கேள்வியும் இப்படி இனிமையாக இருக்காது. ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த அங்கிளுக்கு ஏன்மா ஒரு கால் இல்ல?" என்று சின்னவன் சத்தமாகக் கேட்டான். தொடையில் கிள்ளத்தான் கை போகும். கிள்ள வேண்டாம். "தெரியலடா, வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பேசுங்கள். இனிப்பு நீர் நோயால் காலை இழந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. அதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம். பெரியவர்கள் பேசும்போது காத்திருக்கவும் கற்றுக்கொடுங்கள். மரியாதை வேறு, வாயடைப்பு வேறு.

இன்னொன்று, ஆசிரியையாகச் சொல்கிறேன். சில பிள்ளைகள் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பேசும்போது தடுக்கித் தடுக்கிப் பேசுவார்கள். "நிதானமாப் பேசு" என்று அதட்டாதீர்கள், அவன் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசவே பிள்ளை சிரமப்பட்டாலோ கிளினிக்கில் சொல்லிப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

ரயில் பைத்தியமான பெரியவன் ஒரு நாள் தாத்தாவிடம், "நம்ம வீட்டுல யாராவது ரயில்ல வேலை செஞ்சாங்களா?" என்றான். மாமனார் அவரது பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 1943-லும், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. பெரியப்பா திரும்பவில்லை. வீட்டில் படம்கூடக் கிடையாது. பையன் கேட்டான், "அவருக்கு அங்க சோறு குடுத்தாங்களா தாத்தா?" மாமனார், "பத்தாதுடா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அன்றுதான் முதல்முறையாக அதைக் கேட்டார். பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். கேட்ட அளவுக்குச் சொல்லலாம் என்பது என் முடிவு. அந்த வருடத்திலிருந்து ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கும் ஓர் இலை போடுகிறோம்.

பள்ளி விடுமுறையில் எங்கே போவது என்று யோசிப்பவர்களுக்கு: கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. பிரேசில் காட்டிலிருந்து 1876-ல் எடுத்துவந்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாக சிங்கப்பூர் வந்து, 1877-ல் இந்த நாட்டில் நடப்பட்ட முதல் மரங்களில் அதுவும் ஒன்று. நாங்கள் போனபோது, "தாத்தா சீவின மரத்துக்கெல்லாம் இதுதான் பாட்டியா?" என்றான் சின்னவன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றோம். காலையிலேயே கிளம்புங்கள், மத்தியானம் வெயில் தாங்காது. வண்டியில் தாத்தா பாட்டிக்கு முன் இருக்கையைக் கொடுங்கள், பையன்களைச் சரியாக அவர்களுக்குப் பின்னால் உட்காரவையுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.