முதலிடத்தில் இருந்தார்கள், அந்த சீசனே நடக்கவில்லை என்றார்கள் | சவுத் ஷீல்ட்ஸ் மேட்ச் டே வ்லாக்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? காற்று இன்றைக்கு ரொம்ப ஓவர். மைக்கில் பஞ்சு மாட்டியிருக்கிறேன், அதையும் மீறி இரைந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது பீட் மெட்ரோ ஸ்டேஷன். வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கிற நியூகாஸிலில் மஞ்சள் லைன் ரயில் ஏறி, கேட்ஸ்ஹெட், ஹெப்பர்ன், ஜாரோ எல்லாம் தாண்டி இப்போதுதான் இறங்கினேன். பீட் என்பவர் ஒரு துறவி, பக்கத்தில் ஜாரோவில் இருந்த மடத்தில் வாழ்ந்தவர், ஆங்கிலேய மக்களின் வரலாற்றை 731ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்தவர். எது நடந்தாலும் வருஷம் போட்டு எழுதிவைத்த மனிதர். அவர் பெயரில் இருக்கும் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் சவுத் ஷீல்ட்ஸ் கால்பந்துக் கிளப்பின் மைதானம். அந்தக் கிளப்பிடம்தான் 2020-இல், நீங்கள் ஆடிய சீசன் நடக்கவே இல்லை என்று சொன்னார்கள். இன்றைய கதை அதுதான். நடந்துகொண்டே பேசுகிறேன்.

கமெண்ட்டில் எல்லோரும் ஒரே கேள்வி: நியூகாஸிலில் இருந்துகொண்டு ஏன் பிரீமியர் லீக் பற்றிப் பேசுவதில்லை? அதைப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, விடுங்கள். கீழே நடக்கிற கூத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி: முதலில் வந்தால் மேல் படிக்கு ஏற்றம், கடைசியில் வந்தால் கீழ்ப் படிக்கு இறக்கம். உச்சியில் இருக்கிற பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கிக்கொண்டே வந்தால் ஐந்தாவது படி நேஷனல் லீக். அதுவரை ஒவ்வொரு படியிலும் நாடு முழுக்க ஒரே டிவிஷன். அதற்குக் கீழே ஆறாவது படி வடக்கு, தெற்கு என்று பிரியும். ஏழாவது படியில் மூன்று லீக்குகள்: வடக்கே 1968-இல் தொடங்கிய நார்தர்ன் பிரீமியர் லீக், மற்ற பக்கங்களுக்கு சதர்ன் லீக், இஸ்த்மியன் லீக். இறங்க இறங்க வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். காரணம் சாதாரணமானது, பஸ் செலவும் நேரமும். இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறி, இரவு ஏழே முக்காலுக்கு ஆடிவிட்டு, நடுராத்திரி வீடு திரும்பி, புதன்கிழமை காலை மறுபடி வேலைக்குப் போக வேண்டும். வட்டம் பெரிதாக இருந்தால் இது நடக்கிற காரியமா?

இந்த மாதிரி மைதானத்துக்குள் போனால் முதலில் அதிசயமாக இருப்பது காதில் விழுகிற சத்தம்தான். டிவியில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும்தான் வரும். இங்கே கம்பியில் சாய்ந்து நின்றால் கோல்கீப்பர் தன் டிஃபெண்டரைத் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும், ஷின் பேடில் பூட்ஸ் இடிக்கிற டக் என்ற சத்தம் கேட்கும். லைன்ஸ்மேன் பாடுதான் பரிதாபம். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றடியில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு தொண்ணூறு நிமிடமும் ஆஃப்சைடு பாடம் எடுப்பார், இவர் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. அப்புறம் பை. கையில் மாட்டுகிற பை இல்லை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம். உள்ளே இறைச்சியும் குழம்பும் கொதிக்கிற சூட்டில் இருக்கும், முதல் கடியில் நாக்கு போய்விடும். எனக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. வேறொரு ஊர் மைதானத்துக்கு ஒரு தடவை இரண்டு ரயில் மாறிப் போனேன், கேட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தரையில் தண்ணீர் தேங்கி ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் இதெல்லாம் சகஜம். அதனால்தான் ஏப்ரலில் வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடி மூச்சு வாங்குவார்கள்.

சரி, சவுத் ஷீல்ட்ஸ். இவர்கள் 2013-இல் சொந்த மைதானத்தை இழந்து, இரண்டு வருஷம் 30 கிலோமீட்டர் வாக்கில் தள்ளி பீட்டர்லீ என்ற ஊரில் போய் ஆடினார்கள். நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். 2015-இல் ஜெஃப் தாம்ப்சன் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் கிளப்பை எடுத்து, ஊருக்கே திரும்பக் கொண்டுவந்தார். அதே வருஷம் ஜூலியோ ஆர்கா சேர்ந்தார். பெயர் ஞாபகம் இருக்கிறதா? அர்ஜென்டினாக்காரர், 2001-இல் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர், சண்டர்லாந்துக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் ஆடியவர். காலில் காயம் பட்டுத் தொழில்முறை ஆட்டத்தை விட்ட பிறகு சண்டர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பார்க் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார், நம்புங்கள். அங்கிருந்துதான் இங்கே வந்தார், அதுவும் ஒன்பதாவது, பத்தாவது படியில் இருக்கிற நார்தர்ன் லீக்குக்கு.

நார்தர்ன் லீக் வேறு, நார்தர்ன் பிரீமியர் லீக் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். நார்தர்ன் லீக் 1889-இல் ஆரம்பித்தது, உலகத்திலேயே இரண்டாவது பழைய கால்பந்து லீக். அதில் வெஸ்ட் ஆக்லண்ட் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர் அணி, 1909-இலும் 1911-இலும் இத்தாலிக்குப் போய், இரண்டாவது தடவை யுவென்டஸை 6-1 என்று அடித்துக் கோப்பையோடு வந்தது. அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? சர் தாமஸ் லிப்டன். ஆமாம், டீத்தூள் லிப்டன். இலங்கையில் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கி, நம் ஆட்கள் பறித்த கொழுந்தை இங்கே விற்றுப் பணக்காரர் ஆனாரே, அவரேதான். அந்தக் கோப்பைக்குப் பின்னால் யாருடைய முதுகெல்லாம் வளைந்திருக்கும் என்று யோசித்தால் டீ கொஞ்சம் கசக்கிறது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன், இப்போது விட்டால் இன்றைக்குக் கதை முடியாது.

2016-17 சீசனில் ஷீல்ட்ஸ் நார்தர்ன் லீக், லீக் கப், டர்ஹம் சேலஞ்ச் கப், எஃப்.ஏ. வேஸ் என்று நான்கு கோப்பைகளை வாரிக்கொண்டு போனது. எஃப்.ஏ. என்றால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். வேஸ் என்பது சின்னக் கிளப்புகளுக்கான தேசியக் கோப்பை, இறுதி ஆட்டம் லண்டனில் இருக்கிற வெம்ப்ளி மைதானத்தில். கிளீதார்ப்ஸை 4-0 என்று ஜெயித்தார்கள், அது தொடர்ந்து 32ஆவது வெற்றி. அடுத்த வருஷமும் பட்டம், ஒரு படி மேலே. 2018-19-இல் ஏழாவது படியில் இரண்டாம் இடம், பட்டம் தவறியவர்கள் ஏறுவதற்காக மோதுகிற பிளே-ஆஃபின் இறுதியில் வாரிங்டனிடம் தோல்வி. பரவாயில்லை, அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

அந்த அடுத்த சீசன்தான் 2019-20. மார்ச் மாதம் வரும்போது ஷீல்ட்ஸ் நார்தர்ன் பிரீமியர் லீக்கில் முதலிடம், இரண்டாவது அணியைவிட 12 புள்ளி அதிகம், மீதி ஒன்பதே ஆட்டம். அப்போதுதான் கொரோனா. மார்ச் 23ஆம் தேதி நாடே அடைக்கப்பட்டது. 26ஆம் தேதி எஃப்.ஏ. ஓர் அறிவிப்பு விட்டது: ஏழாவது படியில் இருந்து பத்தாவது படி வரை சீசன் முடிந்தது, எல்லா முடிவுகளும் நீக்கப்படுகின்றன, ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இங்கேதான் கவனிக்க வேண்டும். நிறுத்துகிறோம் என்று சொல்லவில்லை, இந்த ஆட்டங்கள் கணக்கிலேயே இல்லை என்றார்கள். நம் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பேட் வைத்திருப்பவனை அவன் அம்மா கூப்பிட்டுவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்துபோகும், சண்டை வரும், எல்லாம் சரி. ஆனால் நீ அடித்த 30 ரன்னை நீ அடிக்கவே இல்லை என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் அதற்கு நம் ஊரில் பெயர் அழுகுணி ஆட்டம்.

ஷீல்ட்ஸாவது இன்னும் ஒன்பது ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. ஜெர்சி புல்ஸ் கதையைக் கேளுங்கள். பிரான்ஸ் கரையை ஒட்டி இருக்கிற ஜெர்சித் தீவு, தனி நாடு மாதிரி சர்வதேச ஆட்டங்களில் ஆட ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபாவிடம் கேட்டது, 2018-இல் முடியாது என்றார்கள். சரி, இங்கிலாந்து ஏணியிலேயே ஏறிக்கொள்கிறோம் என்று ஒரு கிளப் ஆரம்பித்து, சர்ரே பக்கத்து அணிகள் நிறைந்த கம்பைண்ட் கவுன்டீஸ் லீக்கில் பத்தாவது படியில் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் விமானம், தங்கள் தீவுக்கு வருகிற எதிரணியின் பயணச் செலவும் இவர்கள் தலையில். முதல் சீசனே 27 ஆட்டம், 27 வெற்றி. ஒரு டிரா கூட இல்லை. மேலே ஏறுவது உறுதியாகியும் விட்டது. அப்புறம் அந்த 26ஆம் தேதி அறிவிப்பு. ஏட்டில் அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

எஃப்.ஏ. பக்கமும் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே இருக்கிற கிளப்புகளுக்கு டிவி பணம் கிடையாது. கேட்டில் வசூலாகிற டிக்கெட், பாரில் விற்கிற பீர், அவ்வளவுதான் வருமானம். ஆளில்லா மைதானத்தில் ஆடினால் ரெஃப்ரீ காசுக்குக்கூடக் கட்டாது. அவர்கள் நிறுத்தியது சரி. மூன்றே நாளில் ரப்பரை எடுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் சேர்ந்து கடிதம் எழுதின, ஏப்ரலில் எஃப்.ஏ. கவுன்சில் அந்த முடிவையே உறுதி செய்தது, ஷீல்ட்ஸ் மேல்முறையீடு போனது, அதுவும் தோற்றது.

இதற்கு நேர் மேலே, ஆறாவது படியில் என்ன ஆனது பாருங்கள். நேஷனல் லீக் நார்த்தில் யார்க் சிட்டி 34 ஆட்டத்தில் 66 புள்ளி, முதலிடம். கிங்ஸ் லின் 32 ஆட்டத்தில் 64 புள்ளி, இரண்டாம் இடம். அங்கே யாரும் ரப்பரைத் தேடவில்லை, கால்குலேட்டரை எடுத்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால் கிங்ஸ் லின்னுக்குச் சரியாக 2, யார்க்குக்கு 1.94. பட்டம் கிங்ஸ் லின்னுக்கு, ஐந்தாவது படிக்கு ஏறியது. பிளே-ஆஃப் கூட ஆளில்லாமல் நடத்தினார்கள். யார்க் ரசிகர்கள் வயிறு எரிந்திருக்கும், அது வேறு. நான் கேட்பது, ஒரு படிக்கு மேலே வகுத்தல் தெரிந்தவர்களுக்கு ஒரு படிக்குக் கீழே வந்ததும் எப்படி மறந்துபோனது? கிங்ஸ் லின் அந்த டிவிஷனுக்கு எப்படி வந்தது தெரியுமா? முந்தின வருஷம் ஷீல்ட்ஸைத் தோற்கடித்த அதே வாரிங்டனைக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்துத்தான்.

இன்னொரு கூத்து இருக்கிறது. லீக்கைத்தான் அழித்தார்களே தவிர, அதே 2019-20 சீசனின் வேஸ் கோப்பையை அழிக்கவில்லை. தள்ளிக்கொண்டே போய், 2021 மே 3ஆம் தேதி வெம்ப்ளியில் இறுதி ஆட்டம். ஆடியது யார்? நான் இப்போது ரயிலில் தாண்டி வந்த ஹெப்பர்னும், மலைமேட்டில் பழைய இரும்பாலை ஊரான கான்செட்டும். இரண்டுமே நார்தர்ன் லீக் அணிகள். பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை வருகிற வெம்ப்ளி, 90,000 காலி நாற்காலி முன்னால் ஆடினார்கள், ஹெப்பர்ன் 3-2 என்று ஜெயித்தது. அவர்கள் அந்த சீசனில் ஆடிய லீக் ஆட்டமெல்லாம் நடக்கவில்லையாம், கோப்பை ஆட்டம் மட்டும் நடந்ததாம். போன வருஷம் ஹெப்பர்ன் மைதானத்தில் டீ வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மகனோடு வீட்டு சோபாவில் ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு பார்த்தாராம், கோல் விழுந்தபோது கத்தியதில் நாய் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம்.

ஷீல்ட்ஸுக்கு அதற்குப் பிறகும் நேரம் சரியில்லை. 2020-21 சீசனும் பாதியில் நின்றது, கீழ்ப் படிகளில் இரண்டு வருஷக் கணக்கையும் சேர்த்து வகுத்துச் சில கிளப்புகளை ஏற்றினார்கள். ஆமாம், இந்தத் தடவை கால்குலேட்டர் கிடைத்துவிட்டது, ஜெர்சி புல்ஸ் அதில்தான் ஏறியது. ஆனால் ஏழில் இருந்து ஆறுக்கு மட்டும் யாரையும் ஏற்றவில்லை. 2022-இல் மறுபடி பிளே-ஆஃபில் வாரிங்டனிடமே தோல்வி. கடைசியில் 2023-இல், சண்டர்லாந்தின் பழைய கோல் மன்னன் கெவின் பிலிப்ஸ் மேனேஜராக இருந்தபோது பட்டம் அடித்து நேஷனல் லீக் நார்த்துக்கு ஏறினார்கள். 2020-இல் கைக்கு எட்டியது 2023-இல்தான் வாய்க்கு எட்டியது.

இதோ மைதானம் வந்துவிட்டது, ஃபிளட்லைட் தெரிகிறதா? கேமராவைத் திருப்புகிறேன். அங்கே நிற்கிற பஸ்ஸைப் பாருங்கள், எதிரணி வந்திறங்கிய பஸ். கிங்ஸ் லின். அவர்கள் 2022-இல் ஐந்தாவது படியில் இருந்து கீழே விழுந்தார்கள், ஷீல்ட்ஸ் அடுத்த வருஷம் மேலே வந்தது, இப்போது இரண்டும் ஒரே டிவிஷன். வடக்கு டிவிஷன் என்று பெயர், ஆனால் கிங்ஸ் லின் இருப்பது கிழக்கே நார்ஃபோக்கில், நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஓட்டுநர் கீழே இறங்கி நின்று முதுகை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறார் பாருங்கள், பாவம். சரி, வரிசை நகர்கிறது, எனக்கு பை வாங்க வேண்டும். இந்தத் தடவை ஆறவைத்துச் சாப்பிடுகிறேன்.