ஏரிக்கரையும் நீர்க்கட்டியும்

(ஏரிப் பாசன விவசாயிகள் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் கடைசிவரை இருப்பதாக வாக்களித்து அமர்ந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, நீர்வளத் துறைப் பொறியாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, நான் பேச எண்ணியிருந்தவற்றில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த கோயில் அறங்காவலர்களே, உழவர் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஏரிக்கரையின் பாதுகாப்பு என்னும் தலைப்பில் கசிவு, ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் கலங்கல், சட்டம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முதலில் கசிவு. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்னும் பழமொழியை நாம் உண்டியலைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஏரிக்கரையில் நின்று சொன்னால் அதுவே அச்சமூட்டும் எச்சரிக்கை. மண்கரை ஓரளவு கசியத்தான் செய்யும். வெளிச்சரிவின் அடியில் தெளிந்த நீர் ஊறினால் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த நீர் கலங்கி வந்தால், கரையின் வயிற்றிலிருந்து மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது என்றும், உள்ளே ஒரு துளை ஏரியை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது என்றும் பொருள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்னும் பெரிய மண்ணணையில் 1976 ஜூன் 5 அன்று காலை ஏழு மணியளவில் கலங்கிய நீர் வருவதைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்து, 11 உயிர்கள் போயின. நம் பக்கத்தில் இப்படிக் கண்டவுடன் வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பி அடைக்க முயல்கிறார்கள். அடைபட்ட நீர் வேறோர் இடத்தில் பீறிடும். மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்பி, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கி, நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் தடுத்து நிறுத்துவதே முறை. கரையில் வேலிக்காத்தானை வளரவிட்டு, பிறகு வெட்டி, வேரை மண்ணுக்குள்ளேயே மட்க விடுவதும் நீருக்கு நாமே வழி தோண்டிக் கொடுப்பதுதான்.

இந்த இடத்தில் மதுராந்தகம் ஏரியின் கதையைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் துரை. ஏரியோ மழைக்கு மழை உடைகிறது. கிழக்கிந்தியக் கும்பினியார் பணமும் கரையோடு போகிறது. தாயார் சன்னிதியைக் கட்டித் தர வேண்டும் என்று கோயில் பெரியவர்கள் கேட்டபோது, “உங்கள் தெய்வம் இந்த ஏரியைக் காக்கட்டும், நான் கட்டித் தருகிறேன்” என்றாராம் துரை. வந்தது அடைமழை. ஏரி தளும்புகிறது. ஊர் உறங்கவில்லை, துரைக்கும் உறக்கம் இல்லை. நள்ளிரவில் குடையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்கள் தடுத்தும் கேளாமல், வழுக்கும் கரைமேல் ஏறிப் போகிறார். அங்கே வில்லும் அம்பும் ஏந்திய இரண்டு இளைஞர்கள் ஒளிவீசக் கரையின்மேல் காவல் நிற்கிறார்கள். சேற்றில் மண்டியிட்டார் துரை. விடிந்து பார்த்தால் கரை அசையவில்லை. காவல் நின்றவர்கள் ராம லட்சுமணர். அன்றுமுதல் அந்தக் கோயில் ராமர், ஏரி காத்த ராமர். துரையின் பெயரைத் தாயார் சன்னிதிக் கல்வெட்டில் இன்றும் காணலாம். (கைதட்டல்) பக்தர்கள் ராமனைக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: கொட்டும் மழையில், நள்ளிரவில், ஒருவர் கரைக்கு நேரில் போய்ப் பார்த்தார்.

இன்று நம் ஏரிக்கு அப்படிப் போகிறவர் யார்?

முன்பு நீர்க்கட்டி என்னும் ஏரிக் காவலர் இருந்தார். மதகைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் முறை வைத்து நீர் விடுவதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து, ஆபத்து என்றால் ஊரைத் தட்டி எழுப்புவதும் அவர் வேலை. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பங்களுக்கு நாம் களத்தில் சில மரக்கால் நெல் அளந்து கணக்கை முடித்துக்கொண்டோம் என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். அந்த அடிமைமுறை திரும்ப வேண்டாம். அந்த வேலை, மாதச் சம்பளத்தோடும் பணிப் பாதுகாப்போடும், திரும்ப வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிற்றணை 2019 ஜூலை 2 இரவில் உடைந்து ஏறத்தாழ 20 பேரைக் கொண்டுபோயிற்று. கசிகிறது என்று ஊர்மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அந்த மாநில அமைச்சர் ஒருவர், நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டன என்றார். நாடே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. நண்டோ எலியோ துளைக்கட்டும். அந்த வளையை நாள்தோறும் பார்த்து, எழுதி, உரியவரிடம் சேர்க்க ஓர் ஆள் இருந்தாரா, அவர் சொல்லைக் கேட்க ஓர் அலுவலகம் இருந்ததா என்பதல்லவா கேள்வி? சிறு துளி பெரு வெள்ளம் என்றால், அந்தச் சிறு துளியைக் காண ஒரு கண் வேண்டாமா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கலங்கலைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. கூடுதல் நீர் தேக்குவதற்காக அதன்மேல் மணல் மூட்டை அடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்குமே பொருந்தும். நம் ஏரிக்கரை அந்த உயரத்தை எட்டாது. ஆகவே டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில், நம் ஏரிக்குச் சம்பளம் பெறும் நீர்க்கட்டி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர ஊராட்சித் தலைவர் அம்மையாரை உங்கள் சார்பில் வேண்டுகிறேன். அதற்கான மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. ஏரிநீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் மட்டுமல்ல, கரைக்குக் கீழே வீடு உள்ள அனைவரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.