பல்லவியோடு நிறுத்தச் சொன்னார்கள்

(பெங்களூரு அல்சூரில் தமிழ் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தங்கைகளே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். அப்போது எங்கள் வீடு ஸ்ரீராமபுரத்தில் இருந்தது. கேசரியும் பஜ்ஜியும் காபியும் முடிந்த பிறகு, “பெண்ணுக்குப் பாடத் தெரியுமா?” என்று கேட்டார்கள். ஏழு ஆண்டுகள் பாட்டுப் படித்தவள் நான். ஆசையோடு தொடங்கினேன். பல்லவி முடிந்து அனுபல்லவியை எடுப்பதற்குள், “போதும் அம்மா” என்றார் வந்தவர்களில் பெரியவர். அடுத்து, கூடத்தின் அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னார்கள். பாடச் சொன்னது பாட்டைக் கேட்பதற்கு அல்ல என்று அன்று இரவுதான் எனக்கு விளங்கியது. காலில் ஊனம் இல்லையே என்று பார்ப்பதைப் போல, வாயில் குறை இல்லையே என்று பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டுவந்தார். “குடும்பம் பிடித்திருக்கிறது, ஆனால் பெண் நிறம் குறைவாம்.” என் அம்மா விடவில்லை. “நிறம் குறைவுதான், ஆனால் என் மகள் குணத்தில் தங்கம்” என்றார். தரகர் சொன்ன ‘ஆனால்’ சில நாளில் மறந்துபோனது. அம்மா சொன்ன ‘ஆனால்’ நாற்பது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. பாசத்தோடுதான் சொன்னார். இருந்தாலும் என் குணம், என் பேச்சு, நான் படித்த பாட்டு எல்லாம் அந்த ஒரு சொல்லில் நிறத்துக்கு ஈடுகட்டும் சீர்வரிசையாகிவிட்டன. முக அழகு எதற்கு, அக அழகு போதும் என்று கறுத்த பெண்ணுக்கு மட்டும் ஆறுதல் சொல்கிறோமே, அதை நான் ஏற்கவில்லை. சிவந்த பெண்ணிடம் யாராவது அப்படிச் சொல்கிறோமா? அவளுடைய அகத்தையும்தான் யாரும் கேட்பதில்லை.

பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதியை நினைத்துப் பாருங்கள். வீணை தனம்மாளின் பேத்தி. வியாசராயரின் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்ற பாட்டுக்கு அவர் பிடித்த அபிநயத்தை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். நம்மைச் சுற்றி நாள் முழுதும் ஒலிக்கிற கன்னடத்தில் அமைந்த பாட்டு அது. கண்ணா, சீக்கிரம் வா என்பதுதான் பொருள். அபிநயத்தில் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை கெஞ்சலாம், ஒரு முறை ஆசை காட்டலாம், ஒரு முறை பொய்க்கோபம் கொள்ளலாம். இளமை கடந்து உடல் பருத்த பிறகும் அவர் ஆடினார். கை நீண்டதும் அங்கே குழந்தையைத் தேடும் தாய்தான் இருந்தாள். 1973இல் சென்னை மியூசிக் அகாடமி, இசைக் கலைஞர்களுக்கு வழங்கிவந்த சங்கீத கலாநிதி விருதை நடனக் கலைஞரான அவருக்கு வழங்கியது.

ஔவையார் கதையை எல்லோரும் அறிவோம். இளம் பெண்ணாக இருந்தவர், திருமணத்துக்கு நெருக்கியபோது பிள்ளையாரை வேண்டி மூதாட்டியானார் என்று கேட்டிருக்கிறோம். குழந்தையாக இருந்தபோது எனக்கு அது அற்புதமாகத் தோன்றியது. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சொல்வதற்கு ஏதோ இருக்கும் ஒரு பெண், தன்னைச் சொல்லவிடுவதற்காக இளமையையே கொடுத்துவிட வேண்டியிருக்கிறதே! சங்க கால ஔவை வேறொருவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். பளபளக்கும் அவன் படைக்கலங்களைப் புகழ்வது போலவே, போர் பழகாதவை என்று குத்திக் காட்டியது அவர் பாட்டு. ஓர் அரசன் தன் போர்க் காரியத்தை ஒரு பெண்ணின் நாவை நம்பி அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம்.

‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற சிவப்பழகுக் களிம்பு 1975இல் வந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய்விட்டது. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி மட்டும் போகவில்லை. கேட்கிறவர்களும் பெரும்பாலும் நாம்தான், பெண்கள்தான்.

எனக்குப் பிறகு எட்டு வயதுக் குழந்தை ஒருத்தி, தானே எழுதிய பாட்டைச் சொல்லப்போகிறாள். ஓரத்தில் நின்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு நீளம் என்று விழாக்குழுவினர் தயங்கினார்கள். அவளை நடுவில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வா அம்மா, ஒலிபெருக்கியை உன் உயரத்துக்கு இறக்கித் தருகிறேன்.