இன்று ராத்திரி உறைபனி: மேப்பிளுக்குப் போர்வை போர்த்துகிறேன்

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம், எங்கள் வீட்டுப் பின்தோட்டம். ஏப்ரல் மூன்றாவது வாரம், சாயங்காலம் ஆறு மணி. பகலில் அரைக்கைச் சட்டையோடு திரிந்தேன். ராத்திரி 29 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும் என்கிறது ஃபோன், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 2 செல்சியஸ். கையில் பார்த்தீர்களா, நாலு பழைய பெட்ஷீட். இருட்டுவதற்குள் போர்த்த வேண்டும், அதனால் வேலை செய்துகொண்டே பேசுகிறேன்.

முதலில் இதைக் கிட்டே காட்டுகிறேன். ஜப்பானிய மேப்பிளில் ஒரு ரகம், பெயர் சாங்கோ-காக்கு. ஜப்பானிய மொழியில் பவளக் கோபுரம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் இந்தச் சிறு கிளைகள் பவளச் சிவப்பாக நிற்கும். வெயில் ஏற ஏற மங்கிவிடும். இப்போது அந்தச் சிவப்புக் கொம்பில் எலுமிச்சைப் பச்சையாகத் துளிர் விரிகிறது. இலையின் ஓரத்தில் மட்டும் சேலைக்குக் கரை வைத்த மாதிரி ஒரு சிவப்பு. இன்னும் முழுசாக விரியவில்லை, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி தொங்குகிறது. இந்தச் சில நாள்தான் கண்டம். ஜனவரியில் மொக்கு இறுக மூடியிருந்தபோது மைனஸ் 15 செல்சியஸ் வந்தது, மரம் கண்டுகொள்ளவே இல்லை. இந்தத் துளிரோ ஒரு ராத்திரி உறைபனியிலேயே கறுத்துத் துவண்டுவிடும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நேற்று இதைப் பார்த்துவிட்டு, "மரவள்ளி இலை மாதிரியே இருக்கே, அடியில கிழங்கு இருக்குமா?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் பாருங்கள், அதே விரித்த விரல்கள்தான். ஸ்வீடன் தாவரவியலாளர் துன்பெர்க் 1784-ல் இலை உள்ளங்கை போல இருக்கிறது என்றுதான் ஜப்பானிய மேப்பிளுக்கு ஏசர் பால்மேட்டம் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஜப்பானியர்கள் மேப்பிளைச் சொல்லும் கயேதே என்ற சொல்லே தவளைக் கை என்பதிலிருந்து வந்தது. மரவள்ளியையும் அந்த வரிசையில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

சரி, போர்வை. இப்படி மரத்துக்கு மேலே போட்டு, நான்கு பக்கமும் தரை வரை இறக்க வேண்டும். தண்டோடு சேர்த்துக் கட்டிப் பொட்டலம் ஆக்கக் கூடாது. பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரி மேலே எழும்பும், அந்தச் சூட்டைத்தான் நாம் பிடித்து வைக்கிறோம். மத்தியானமே தூரில் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டேன்; காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிகச் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். இலை அதில் பட்ட இடமெல்லாம் குளிர் அப்படியே இறங்கும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் உள்ளே அவிந்துவிடும்.

"ஏப்ரல் முடிந்தால் பயமில்லைதானே?" என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். 2020 மே 9-ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலேயே பனித்துகள் விழுந்தது. மே பாதி வரை பெட்ஷீட்டை மடித்துப் பரணில் போடாதீர்கள். அப்படியே கருகிவிட்டாலும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம், உரமும் கொட்ட வேண்டாம். உறங்கும் மொக்குகள் கிளையில் இருக்கும். சில வாரத்தில் இரண்டாவது முறை துளிர்க்கும். சேமிப்பை உடைத்துச் செலவு செய்கிற மாதிரிதான், வருடா வருடம் தாங்காது.

இப்போது அந்தப் பக்கம் வாருங்கள். இந்தப் பாத்தியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இங்கேதான் என் முதல் மேப்பிள் இருந்தது. பிளட்குட் ரகம், கருஞ்சிவப்பு இலை, ஆள் உயரம். வாங்கும்போது விலையை வீட்டில் பாதியாகத்தான் சொன்னேன். நட்டு இரண்டாவது வசந்தத்தில் ஒரு பக்கக் கிளை மட்டும் துளிர்த்து, வாரத்தில் வாடியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினேன். அடுத்த கிளையும் வாடியது. வாடிய கொம்பை வெட்டிப் பார்த்தால், பட்டைக்குக் கீழே கட்டையில் ஆலிவ் பச்சையாக நீளக் கோடுகள். சோதனைச்சாலைக்கு அனுப்பினேன், வெர்டிசிலியம் வாடல் நோய் என்று பதில் வந்தது.

மண்ணில் இருக்கிற பூஞ்சை. வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். மருந்து கிடையாது. எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அதற்கு முன் நாலு வருடம் இதே பாத்தியில் கத்திரிக்காயும் தக்காளியும் போட்டிருந்தேன். கத்திரி, தக்காளி, உருளை, வெண்டை எல்லாவற்றையும் இந்தப் பூஞ்சை பிடிக்கும். நம் சாம்பார்ச் சட்டிக்குப் போகிற காய்ப் பட்டியலும் இதன் சாப்பாட்டுப் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! செடியைப் பிடுங்கிய பிறகும் பத்து வருடத்துக்கு மேல்கூட மண்ணில் காத்திருக்கும். என் பாத்தியில் கத்திரிக்காய் கொஞ்சம் சோர்ந்த மாதிரிதான் காய்த்தது; வெயில் போதவில்லை என்று இருந்துவிட்டேன். மரத்தைத் தோண்டி எடுத்த அன்றைக்கு ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நம் ஆட்கள் வீடு வாங்கியதும் முதலில் காய்கறிப் பாத்திதான் போடுவோம். பிறகு, வெயில் நன்றாக விழுகிற, மண் பண்பட்ட இடம் என்று மேப்பிளை அங்கேயே கொண்டுபோய் நடுவோம். தயவுசெய்து வேண்டாம். இந்த இடத்தில் இப்போது மக்காச்சோளம் போடுகிறேன், புல் வகையை இந்தப் பூஞ்சை தொடாது.

அடுத்தது இந்தச் சின்ன மரம், கிரிம்சன் குவீன், குடை மாதிரி கவிழ்ந்து வளரும் ரகம். தூரைப் பாருங்கள், ஒட்டுக்குக் கீழே பச்சையாக ஒரு போத்து நிமிர்ந்து வருகிறது. பெயருள்ள ரகங்களெல்லாம் பெரும்பாலும் சாதாரணப் பச்சை மேப்பிள் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டியவை. ஒட்டு மாங்கன்றில் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுவோமே, அதேதான். விட்டால் அது மேலே உள்ளதை முந்திக்கொள்ளும். இதோ, கிள்ளியாயிற்று. பெரிய கிளைகளை மட்டும் இப்போது வெட்டாதீர்கள், சாறு ஏறுகிற நேரம், சொட்டுச் சொட்டாக வடியும். கோடை நடுவில் பார்த்துக்கொள்ளலாம்.

இலையின் அடியில் பச்சையாக அசுவினிப் பூச்சி இருந்தால் ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சினாலே போதும், மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். தூரைச் சுற்றி மண்ணை மூடிப் போடுகிற மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல் வட்டமாக. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மரத்தைச் சுற்றி எரிமலை மாதிரி மரத்தூளைக் குவித்து வைக்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பட்டை அழுகும். தண்டு அடியில் அகன்று வேராகப் பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊர்ச் சிவப்புக் களிமண்ணில் ஆழமாக நட்டால் மூச்சு முட்டிவிடும்.

சென்னையிலிருந்து இரண்டு பேர், விதை கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், சென்னையில் நடக்காது. இன்டர்நெட்டில் நீல இலை மேப்பிள் விதை என்று விற்பதையும் வாங்காதீர்கள், அப்படி ஒரு மரமே இல்லை.

கடைசியாக அந்த மூலையில் நிற்பது எம்பரர் ஒன். பிளட்குட்டைவிட ஓரிரு வாரம் தாமதமாகத்தான் துளிர்க்கும். மொக்கு இன்னும் மூடியே இருக்கிறது, இதற்கு இன்றைக்குப் போர்வை வேண்டாம். அந்தப் பாத்தியில் செத்த மரத்துக்குப் பிறகு இதைத்தான் வாங்கினேன், இந்த முறை வீட்டில் முழு விலையையும் சொல்லிவிட்டேன்.

நாலாவது பெட்ஷீட் மிச்சம். அம்மா, அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியை யார் வெளியே வைத்தது?