சேர்ந்திசைக் குழு தொடங்கும்போது கட்டை எங்கே இடிக்கிறது?

[திரையில்: ஹார்மோனியம், 1, 2, 5, 6ஆம் கட்டைகள் ஒளிர்கின்றன]

கட்டை என்றால் பாட்டின் ஆதார ஸ-வை வைத்துக்கொள்ளும் சுருதி. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3 என்றும், நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½ என்றும் எண்ணப்படும். பாட்டுப் படித்த பெண்கள் பெரும்பாலும் 5 கட்டைக்குப் பழகியிருப்பார்கள். ஆண்கள் 1, 1½. இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து "சேர்ந்து பாடுங்கள்" என்றால், பல்லவி முடிவதற்குள் ஒரு பக்கம் தொண்டை கிழியும், இன்னொரு பக்கம் குரல் கிணற்றுக்குள் போய்விடும். குடியிருப்பில், அலுவலகத்தில் தொடங்கும் குழுக்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பெண்களில் மேல், கீழ், ஆண்களில் மேல், கீழ் என நான்கு குரலுக்கும் தனித்தனியாக எழுதிய பாட்டுகள் கையில் இருக்கின்றன. பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக்கிய எம்.பி. சீனிவாசன், சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி நம் மொழிப் பாடல்களுக்கும் அந்த வழியைத் திறந்தார். தனிக் கச்சேரியில் பாடகருக்கு ஒரு கட்டை. சேர்ந்திசையில் பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தையும் ஆக மேல்ச் சுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாத பெண் குரல்கள், நடு ஸ்தாயி (ஸ்தாயி என்பது ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையுள்ள அளவு) 1 கட்டைக்குக் கீழே இருக்கும் 6 கட்டையிலிருந்து, மேல் ஸ்தாயி 2 கட்டை வரை சிரமமில்லாமல் போகும். ஆண்கள் அதே சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள்.

[திரையில்: கீழ் ப முதல் மேல் ஸ வரை ஒரு கோடு]

கீழ்ப் பஞ்சமத்தில் (ப) தொடங்கி மேல் ஷட்ஜத்தோடு (ஸ) நிற்கும் பாட்டுக்கு 2 கட்டை கச்சிதம். ஆனால் ஷட்ஜத்திலிருந்து மேல்ப் பஞ்சமம் வரை ஏறும் பாட்டை அதே 2 கட்டையில் எடுத்தால் உச்சத்தில் அலறல்தான். அதை நடு 1 கட்டைக்குக் கீழே இருக்கும் 5 கட்டைக்கு இறக்குங்கள். உச்சம் அதே மேல் 2 கட்டையில் வந்து நிற்கும். கீழே ஒரு சுரம் கூடுதலாக இறங்க வேண்டிவரும். அங்கே குரல் மெலிந்தாலும், மேலே கத்துவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆட்களுக்கு வருவோம். 16 முதல் 24 பேர் போதும். ஒரு பிரிவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்ற இருவர் சுரத்தைப் பிடித்திருப்பார்கள். ஆண்கள் 4 பேர்தான் வந்தார்களா? டெனர் (ஆண் மேல்குரல்), பாஸ் (ஆண் கீழ்க்குரல்) என்று பிரிக்காதீர்கள். பெண்கள் இரண்டு பிரிவு, ஆண்கள் ஒன்று, அப்படியே பாடலாம்.

சேர்க்கும்போது 5 நிமிடக் குரல் சோதனை வையுங்கள். "இவருக்குச் சுருதியே சேரவில்லை" என்று ஓர் ஆணைத் திருப்பி அனுப்புவதற்கு முன், பாடிக் காட்டியது பெண்ணா என்று யோசியுங்கள். பெண் குரலின் ஸ்தாயியை எட்டப் பார்த்துத் தடுமாறுகிறவர், ஓர் ஆண் பாடிக்காட்டினால் சட்டென்று சேர்ந்துவிடுவதுண்டு. அப்போதும் சேராதவரை உறுதியான இரண்டு குரல்களுக்கு நடுவில் நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஒத்திகை. முதல் 10 நிமிடம் 'ம்' என்ற முனகலும் 'ஆ' என்ற அகாரத்தில் சரளி வரிசையும் (தொடக்கச் சுரப் பயிற்சி). பிறகு ஒவ்வொரு பிரிவும் தனியாக, கடைசி அரை மணி எல்லோரும் சேர்ந்து. பிரிவுக்கான பாட்டைக் கைபேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை வீட்டிலேயே முடியும். தம்புரா ஒலியைத் தொடக்கத்தில் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். பிரிவுகள் வெவ்வேறு சுரத்தில் நிற்கும்போது ஸ-ப ரீங்காரம் இடையில் உரசும்.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். 20 பேர் 20 விதமாக அசைத்தால் சுரம் சேறாகிவிடும். எந்த இடத்தில் அசைவு, எங்கே நேர்சுரம் என்று தாளிலேயே குறியிடுங்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல், குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். 'காற்று' என்பதன் கடைசி உகரத்தைச் சிலர் உதடு குவித்துப் பாடுவார்கள், சிலர் குவிக்காமல். நீட்டிப் பாடும் இடத்தில் இது சுருதி பிசகியதுபோலவே கேட்கும். நீளும் இடத்தில் எல்லோரும் குவிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வானம்' போன்ற சொல்லில் 'ம்' சீக்கிரம் மூடினால் ஒலி செத்துவிடும். நடத்துநர் கை மூடும்வரை வாயில் அகரம்தான் இருக்க வேண்டும்.

[திரையில்: நடத்துநர் கை மேலெழுவது, மெதுவாக]

சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுக்காத பாட்டென்றால், கையால் சமத்தைத் தெளிவாகக் காட்டி, மூச்செடுக்கும் அசைவையும் அதோடு கொடுங்கள். தொடையில் மட்டும் தாளம் போட்டால் பின்வரிசைக்குத் தெரியாது.

இசைக்கருவி இல்லாமல் பாடும்போது குழு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கும். களைத்த மூச்சு, இறங்கு வரிசைகள், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். சரணம் முடிந்ததும் கீபோர்டில் ஷட்ஜத்தைத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கினால், அரைக் கட்டை ஏற்றிப் பாடிப் பாருங்கள். பல குழுக்களில் இதுவே வேலை செய்துவிடும்.

மேடையில் ஆளுக்கொரு மைக் கேட்காதீர்கள். மைக்குக்கு நெருங்கி நிற்பவர் குரல் மட்டும் பெரிதாகும். இரண்டு கண்டென்சர் மைக்குகளை முன்வரிசைக்கு 2 முதல் 3 அடி முன்னால், தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி அவற்றுக்கும் முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கீச்சிடும்.